குருத்தோலையும் பழுத்த ஓலையும்

நுழையும்முன்

வாகனம் ஓட்டத் தொடங்கும் பதின்பருவத்தினரும், ஓட்டுவதை நிறுத்தவேண்டிய காலத்தை நெருங்கும் முதியவரும் ஒரே சாலையில் செல்கின்றனர். இவ்விரு சாராருள் யாரால் இடர் மிகுதி? அவ்விடர் எதனால் விளைகிறது? அதைக் குறைக்கும் வழி யாது? இவ்வினாக்களுக்கு அறிவியலும் பல நாடுகளின் பட்டறிவும் தரும் விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணிப் பார்க்கிறார். நீரருகே தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்குமாறு ஆழமான மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிவந்த நாள்கள் அவர் நினைவில் எழுகின்றன. இன்றோ அவர் கையில் ஊன்றுகோல், உடலில் நடுக்கம், இருமல் இடையிடப் பேச்சும் சில சொற்களாய்ச் சுருங்கிவிட்டது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய அப்பாடல் ஒரே மனிதரின் இரு பருவங்களை அருகருகே வைத்துக் காட்டுகிறது. பிறர் பார்க்கத் துணியும் இளமையும், உடல் ஒத்துழைக்க மறுக்கும் முதுமையும் இன்றைய சாலையிலும் எதிரெதிரே வருகின்றன. மடுவில் பாய்ந்தவர் தம் உயிரை மட்டுமே பணயம் வைத்தார். வாகனம் ஓட்டுபவரோ தம்முடன் வருவோர், எதிரே வருவோர், சாலையோரம் நடப்போர் ஆகிய அனைவரின் உயிரையும் தம் கையில் ஏந்திச் செல்கிறார்.

எண்கள் காட்டும் வளைகோடு

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதன்மையான காரணமும் இதுவே. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலைகளில் மாண்டனர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு மாநிலங்களுள் முதலிடத்தில் இருந்தது.

ஓட்டுநரின் வயதையும் அவர் ஓட்டும் தொலைவையும் விபத்துகளோடு இணைத்துப் பல்லாண்டுகளாகக் கணக்கிட்டு வரும் நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அந்நாட்டுக் கணக்கின்படி, 16 முதல் 19 வயது வரையுள்ள ஓட்டுநர்கள் உயிரிழப்பு நேரும் விபத்துகளில் சிக்கும் வீதம், 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் வீதத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காகும். இது ஒவ்வொருவரும் ஓட்டிய தொலைவை அடிப்படையாகக் கொண்ட வீதமாகும். நடுத்தர வயதில் இவ்வீதம் தாழ்ந்து நிற்கிறது. 70 வயதைக் கடந்தபின் மெல்ல உயரத் தொடங்கி, 85 வயதைத் தாண்டியோரிடம் உச்சத்தை அடைகிறது. இதனை வரைபடமாக வரைந்தால், தமிழின் ‘ப’ என்னும் எழுத்தைப்போல இரு முனைகளும் உயர்ந்தும் நடுப்பகுதி தாழ்ந்தும் காணப்படும்.

இரு முனைகளும் உயர்ந்திருப்பதால் இரண்டின் காரணமும் ஒன்றே என்று கருதிவிடலாகாது. ஒரு முனையை உயர்த்துவது முதிராத கணிப்பு. மறுமுனையை உயர்த்துவது தளர்ந்த புலன்களும் மெலிந்த உடலும். காரணம் வேறுபடுவதால் தீர்வும் வேறுபடுகிறது.

இளமை: விரைந்த கை, முதிராத கணிப்பு

பதினேழு வயதினரின் கண்கள் கூர்மையானவை; கைகால்கள் விரைந்து இயங்குபவை; புதியதைக் கற்கும் ஆற்றலும் மிகுதி. அவ்வாறிருந்தும் அவர்கள் மிகுதியாக விபத்துக்குள்ளாவது ஏன்?

முதற்காரணம் பட்டறிவின்மை. வாகனத்தை இயக்கும் திறனைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். சாலையைப் ‘படிக்கும்’ திறன் அவ்வாறு வாய்ப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் பேருந்தின் முன்புறத்திலிருந்து பயணி ஒருவர் குறுக்கே வரக்கூடும். உருண்டோடும் பந்தின் பின்னே குழந்தை ஓடிவரக்கூடும். மழையின் முதல் தூறலில் சாலை வழுக்கக்கூடும். நெடுநாள் ஓட்டியவர் இத்தகைய இடர்களை அவை தோன்றும் முன்னரே எதிர்பார்த்து வேகத்தைக் குறைப்பார். புதியவரோ இடர் கண்முன் வந்தபின்னரே அதனை இடர் என்று உணர்கிறார்.

இரண்டாவது காரணம் மூளையின் வளர்ச்சி. விளைவுகளை எண்ணிப் பார்த்தல், உந்துதலை அடக்குதல், முன்கூட்டித் திட்டமிடுதல் ஆகிய பணிகளைச் செய்யும் மூளையின் முன்நெற்றிப் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கிளர்ச்சியையும் பாராட்டையும் நாடும் பகுதிகளோ பதின்பருவத்திலேயே விழிப்படைந்துவிடுகின்றன. விரைவாக ஓடும் குதிரைக்குக் கடிவாளம் சற்றுத் தாமதமாக வந்து சேர்வது போன்றது இந்நிலை.

மூன்றாவது காரணம் தோழமையின் தாக்கம். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் அவருடன் ஆய்ந்த மார்கோ கார்ட்னரும் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டோர் ஆகிய மூன்று குழுவினர் கணினியில் ஒரு மகிழுந்து விளையாட்டை ஆடினர். சைகை விளக்கு மஞ்சளாக மாறியபின் எவ்வளவு தொலைவு துணிந்து செல்கிறார்களோ அவ்வளவு மதிப்பெண். பிந்தி நிறுத்தினால் மோதல். தனியே ஆடியதைவிட, நண்பர்கள் உடனிருக்க ஆடியபோது பதின்பருவத்தினர் மிகுதியாகத் துணிந்தனர். 24 வயதைக் கடந்தோரிடம் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. கரையில் நின்றோர் வியக்க மடுவில் பாய்ந்த இளைஞரைச் சங்கப் புலவர் பாடியதும் இவ்வியல்பைக் கண்டுதான்.

இளையோர் விபத்துகளின் தன்மையும் இக்காரணங்களோடு பொருந்துகிறது. மிகைவேகம், இரவுநேரம், உடன் பயணிக்கும் நண்பர்கள், கைப்பேசியால் சிதறும் கவனம் ஆகியவை அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. வேறு வாகனம் எதுவும் மோதாமல், தாமே கட்டுப்பாட்டை இழந்து சாலையைவிட்டு விலகும் விபத்துகளும் அவர்களிடம் மிகுதி.

முதுமை: நிறைந்த பட்டறிவு, தளரும் புலன்

முதியவரின் நிலை இதற்கு நேர்மாறானது. பெரும்பாலோர் வேகத்தை விரும்புவதில்லை. இருக்கைப் பட்டையை மறப்பதில்லை. இரவிலும் மழையிலும் நெரிசல் நேரத்திலும் வாகனத்தை எடுப்பதைத் தாமாகவே தவிர்க்கின்றனர். சாலையைப் படிக்கும் திறனை நாற்பது ஐம்பது ஆண்டுகளின் பட்டறிவு அவர்களுக்குத் தந்திருக்கிறது. குறை நேர்வது அவ்வறிவுக்குச் செய்தி கொண்டுவரும் புலன்களில்தான்.

மங்கிய வெளிச்சத்தில் 60 வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதினரின் விழித்திரையை அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எதிர்வரும் வாகனத்தின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்தபின், பார்வை மீண்டும் தெளிவடைய அவர்களுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. கண்புரையும் கண்நீர் அழுத்த நோயும் பார்வையின் தெளிவையும் பரப்பையும் குறைக்கின்றன. கழுத்தைத் திருப்பிப் பின்புறம் நோக்குவது கடினமாகிறது. ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கவனிக்கும் ஆற்றலும் குறைகிறது. உறக்கத்தைத் தூண்டும் சில மருந்துகள் இத்தளர்ச்சியை மேலும் மிகுவிக்கின்றன.

எனவே முதியோரின் விபத்துகள் பெரும்பாலும் சாலைச் சந்திப்புகளில் நிகழ்கின்றன. எதிர்வரும் வாகனங்களைக் கடந்து திரும்பும்போது, அவற்றின் வேகத்தையும் தொலைவையும் ஒருங்கே கணித்து நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியுள்ளது. முதுமையில் தளரும் ஆற்றல்கள் அனைத்தும் ஒரே கணத்தில் தேவைப்படும் இடம் அது.

நிறுத்தும் தூரம்: ஒரு கணக்கு

இவ்விரு பருவங்களின் வேறுபாட்டை இயற்பியல் கணக்கு ஒன்றால் தெளிவாக உணரலாம். இடரைக் கண்டதும் பிரேக்கை அழுத்த இளைஞர் ஒருவருக்கு 1 நொடியும், முதியவர் ஒருவருக்கு 1.5 நொடியும் ஆகின்றன என்று கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் இருவரின் மகிழுந்துகளும் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைகின்றன என்றும் கொள்வோம்.

இருவரும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், இளைஞரின் மகிழுந்து ஏறத்தாழ 28 மீட்டரிலும் முதியவரின் மகிழுந்து ஏறத்தாழ 35 மீட்டரிலும் நிற்கும். அந்த 7 மீட்டர் இடைவெளியில் ஒரு குழந்தை நின்றிருந்தால், இளைஞர் அக்குழந்தையைக் காத்துவிடுவார், முதியவரால் இயலாது.

இனி, முதியவர் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்ல, இளைஞர் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். முதியவர் முன்போலவே 35 மீட்டரில் நின்றுவிடுகிறார். இளைஞருக்கோ ஏறத்தாழ 57 மீட்டர் தேவைப்படுகிறது. முதியவரின் மகிழுந்து முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தை, இளைஞரின் மகிழுந்து மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும்.

அரை நொடி விரைந்து செயல்படும் இளமையின் வரத்தை 30 கிலோமீட்டர் மிகைவேகம் முழுமையாக விழுங்கிவிடுகிறது. அதேபோல், அரை நொடி பிந்தும் முதுமையின் குறையை நிதானமான வேகம் பெருமளவு ஈடுசெய்கிறது. நிறுத்தும் ஆற்றல் வயதால் மட்டுமின்றி ஓட்டுநர் தேர்ந்துகொள்ளும் வேகத்தாலும் முடிவாகிறது.

எண்ணும் முறையால் மாறும் உண்மை

முதியோர் பற்றிய எண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, உடலின் மெலிவு. ஒரே வகையான மோதலில் இளைஞர் சிறு காயத்தோடு தப்புவதும் முதியவர் உயிரிழப்பதும் உண்டு. எலும்பு வலுவிழந்திருப்பதால் மார்புக்கூட்டில் ஏற்படும் அடியையும் அவரால் தாங்க இயலாது. எனவே உயிரிழப்பு விபத்துகளை மட்டும் எண்ணும்போது முதியோரின் வீதம் உயர்ந்து தோன்றுகிறது. அவர்கள் மிகுதியாக மோதுகிறார்கள் என்பதைவிட, மோதினால் பிழைப்பது அரிது என்பதே அவ்வெண்ணின் பெரும்பகுதிப் பொருளாகும்.

இரண்டாவது, ஓட்டும் தொலைவு. மிகக் குறைவாக ஓட்டுவோர் பெரும்பாலும் நெரிசலும் சந்திப்புகளும் மிகுந்த உள்ளூர்த் தெருக்களிலேயே ஓட்டுகின்றனர், பழக்கமும் விட்டுப்போகிறது. ஆகவே எந்த வயதினராயினும், குறைந்த தொலைவு ஓட்டுவோருக்குக் கிலோமீட்டர்க் கணக்கில் விபத்து வீதம் மிகுதியாகவே இருக்கும். முதியோருள் பலர் இவ்வகையினர். பின்லாந்தில் 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், 65 வயதைக் கடந்தோரும் 26 முதல் 40 வயது வரையுள்ளோரும் ஒரே அளவு தொலைவு ஓட்டுவோராகப் பிரிக்கப்பட்டு ஒப்பிடப்பட்டனர். அவ்வாறு ஒப்பிட்டபோது முதியோரின் விபத்து வீதம் மிகுந்திருக்கவில்லை.

இதனால் முதியோர் அனைவரும் இடரற்றவர் என்று முடிவு செய்துவிட இயலாது. 75 வயதில் தெளிவாக ஓட்டுவோரும் உளர். 65 வயதிலேயே நிறுத்தவேண்டியவரும் உளர். முதுமை அனைவரிடமும் ஒரே நாளில், ஒரே அளவில் வருவதில்லை. ஆகவே வயதை அளவுகோலாகக் கொள்வதைவிடத் திறனை அளந்து பார்ப்பதே பொருத்தமானதாகிறது.

தெரிந்து தெளிவோம்

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. இன்றைய குருத்தே நாளைய பழுத்த ஓலை என்பதே அதன் உட்பொருள். இதே உவமை ஜப்பானியச் சாலைகளில் சின்னங்களாக இடம்பெற்றுள்ளது. உரிமம் பெற்று ஓராண்டு நிறைவடையாத ஓட்டுநர்கள் பச்சையும் மஞ்சளும் கலந்த சின்னத்தை மகிழுந்தில் ஒட்ட வேண்டும். 1972 முதல் வழக்கிலுள்ள இதனை மக்கள் ‘இளந்தளிர்ச் சின்னம்’ என்று அழைக்கின்றனர். முதிய ஓட்டுநர்களுக்கு 1997இல் செம்மஞ்சள் நிறச் சின்னம் ஒன்று அறிமுகமானது. அது உதிரும் இலையை நினைவூட்டுகிறது என்று பலர் மனம் வருந்தியதால், 2011இல் அச்சின்னம் நான்கு இலைகள் கொண்ட புதிய வடிவத்துக்கு மாற்றப்பட்டது.

நாடுகள் கண்ட வழிகள்

இளையோருக்கான தீர்வை முதலில் முறைப்படுத்திய நாடு நியூசிலாந்து. 1987ஆம் ஆண்டில் அந்நாடு படிநிலை உரிம முறையைக் கொண்டுவந்தது. முதற்படியில் பழகுநர், அனுபவமிக்க ஒருவர் அருகிலிருக்க மட்டுமே ஓட்டலாம். இரண்டாம் படியில் தனியே ஓட்டலாம். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டுவதற்கும் நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் தடை உண்டு. இப்படிகளைக் கடந்தபின்னரே முழு உரிமம் கிடைக்கும். 1996இல் ஃபுளோரிடாவில் தொடங்கி அமெரிக்க மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றலாயின. இம்முறை நடைமுறைக்கு வந்த இடங்களில் பதின்பருவ ஓட்டுநர்களின் விபத்துகள் குறைந்தன. இரவையும் தோழர் கூட்டத்தையும் சிறிது காலம் தள்ளிவைத்து, பட்டறிவு சேரக் கால இடைவெளி அளிப்பதே இதன் உட்கருத்து.

முதியோருக்கான தீர்வைத் தேடுவதில் ஜப்பான் முன்னிற்கிறது. அந்நாடு 1998 முதல் ஓட்டுநர் உரிமத்தைத் தாமாகத் திருப்பியளிக்க வழிசெய்தது. 75 வயதைக் கடந்தோர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிக்கும் தேர்வு 2009 முதல் கட்டாயமானது. 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இகெபுக்குரோ பகுதியில் 87 வயது முதியவர் ஓட்டிய மகிழுந்து மோதி, இளந்தாய் ஒருவரும் அவருடைய மூன்று வயது மகளும் உயிரிழந்தனர். பிரேக்குக்கு மாறாக ஆக்சிலேட்டரை அவர் அழுத்தியதே காரணம் என நீதிமன்றம் முடிவு செய்தது. நாட்டையே உலுக்கிய அந்நிகழ்வுக்குப் பின், அவ்வாண்டில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் தம் உரிமத்தைத் திருப்பியளித்தனர். குறிப்பிட்ட போக்குவரத்து விதிமீறல்களில் ஈடுபட்ட 75 வயதைக் கடந்தோர் ஓட்டுத் தேர்விலும் தேற வேண்டும் என்னும் விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது. உரிமத்தைத் திருப்பியளித்தோருக்குப் பேருந்து, வாடகை மகிழுந்துக் கட்டணங்களில் பல ஊர்கள் சலுகை அளிக்கின்றன. பேருந்து செல்லாத சிற்றூர்களில் வாழும் முதியோருக்கோ உரிமத்தை விடுவது கடைத்தெருவையும் மருத்துவமனையையும் விட்டு விலகுவதற்கு ஒப்பாகிறது.

இந்தியச் சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மோட்டார் வாகனம் ஓட்டுவதற்குரிய பொதுவான குறைந்த வயது 18. போக்குவரத்துத் தொழில் வாகனங்களுக்கு அது 20. 16 வயது நிறைந்தோர், 50 சிசி திறனுக்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வாகனத்தை மட்டும் உரிமம் பெற்று ஓட்டலாம். இன்று வீடுகளில் உள்ள ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசி திறனைக் கடந்தவை. ஆகவே பதினோராம் வகுப்பில் பயிலும் 16 வயது மாணவர் ஒருவர் வீட்டு ஸ்கூட்டரைப் பள்ளிக்கு ஓட்டிச் செல்வது, கியர் இல்லை என்னும் காரணத்தால் மட்டும் சட்டத்திற்கு உட்பட்டதாகிவிடாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பொறுப்பைப் பெரியோரிடமும் சேர்த்தது. 18 வயது நிறையாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் பெற நேரிடும். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

முதியோரைப் பொறுத்தவரை, 40 வயதைக் கடந்தோர் உரிமம் பெறவும் புதுப்பிக்கவும் மருத்துவச் சான்று அளிக்க வேண்டும். 55 வயதைக் கடந்தோருக்கு உரிமம் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. உரிய காலத்தில் புதுப்பிப்போர் மீண்டும் ஓட்டிக் காட்டவேண்டிய தேவை இல்லை. இளையோருக்கும் தேர்வில் தேறிய மறுநாளே இரவிலும் நண்பர்களோடும் ஓட்டத் தடை இல்லை. எனவே சட்டம் விட்டுவைத்த இடத்தைக் குடும்பமே நிரப்ப வேண்டியுள்ளது.

வீட்டில் தொடங்கும் காவல்

ஒவ்வொரு வீட்டிலும் வாகனத் திறவுகோல் தொடர்பாக இரு கடினமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று, அதனை மகனிடமோ மகளிடமோ எப்போது கொடுப்பது என்பது. மற்றொன்று, தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்து எப்போது பெறுவது என்பது.

முதல் முடிவில் படிநிலை தேவை. உரிமம் பெற்ற இளைஞர் முதல் சில மாதங்கள் பகலில் மட்டும், பழகிய சாலையில் மட்டும், நண்பர்களை ஏற்றாமல் ஓட்டுவது என்று வீட்டிலேயே வரையறை செய்துகொள்ளலாம். ‘மெதுவாகப் போ’ என்று சொல்லத் துணியும் தோழன், கைதட்டும் தோழர் பலரினும் மேலானவன்.

இரண்டாவது முடிவில் கண்ணியம் தேவை. வண்டியில் புதிய கீறல்கள் தோன்றுதல், பழகிய வழியில் தடுமாறுதல், சைகை விளக்கைக் கவனியாமை, பிற வண்டிகள் அடிக்கடி ஒலியெழுப்புதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். அவை தென்பட்டால், கண் பரிசோதனையில் தொடங்கி மருத்துவர் அறிவுரையோடு படிப்படியாக ஓட்டத்தைக் குறைக்கலாம். இரவு ஓட்டத்தை முதலில் விடலாம். பின்னர் நெடுஞ்சாலையை விடலாம். ஓட்டுவதை நிறுத்திய முதியோருள் பலர் தனிமையிலும் மனச்சோர்விலும் ஆழ்வதுண்டு. ஆகவே திறவுகோலைப் பெற்றுக்கொள்பவர், அவரைக் கோயிலுக்கும் சந்தைக்கும் நண்பர் வீட்டுக்கும் அழைத்துச் செல்லும் பொறுப்பையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறார்.

இளையோரா, முதியோரா, யார் கூடுதல் இடர் தருவோர் என்னும் வினாவுக்கு எண்கள் தரும் விடை தெளிவானது. ஓட்டும் தொலைவைக் கொண்டு நோக்கின், பதின்பருவத்தினரும் மிக முதிர்ந்தோரும் நடுவயதினரைவிட மிகுதியான இடரில் உள்ளனர். இளையோரின் இடர் காலம் செல்லச் செல்லக் குறைவது. அக்காலத்தை உயிரோடு கடக்க அவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும். முதியோரின் இடர் காலம் செல்லச் செல்ல வளர்வது. அவர்களுக்கு அளந்தறியும் சோதனையும் மாற்றுப் பயண வசதியும் வேண்டும். ஓர் ஊரில் நல்ல பேருந்து வசதியும் நடைபாதையும் அமையுமானால், உரிமம் பெறும் வயது வாராத மாணவரும் ஓட்டும் வயதைக் கடந்த முதியவரும் யாரையும் எதிர்பாராமல் தாம் விரும்பிய இடத்தைச் சென்றடைவர்.